நூற்றுக்கணக்கான படங்களை ஒரே தடவையில் திருத்தும் கணினிக் கருவியை நாமே செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள ஒரு புடைவைக் கடையின் வலைத்தளத்துக்குப் படம் ஏற்றும் வேலை என்னிடம் வந்தபோது, ஒரு புடைவைக்கு மூன்று படம் என்ற கணக்கில் 400 புடைவைகளுக்கு 1,200 படங்கள் ஒரு பென்டிரைவில் வந்து சேர்ந்தன. உடல், கரை, முந்தானை என்று ஒவ்வொரு படத்தையும் திறந்து, நிமிர்த்தி, சிறிதாக்கி, கடையின் பெயரைப் பொறித்து, இருப்பு இலக்கத்தைக் கோப்பின் பெயராக இட்டுச் சேமிக்கப் படத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 40 மணித்தியாலம் ஆகும். அதைத் தவிர்ப்பதற்காக எழுதிய ஒரு சிறு கருவியைப் பல தடவை உடைத்துத் திருத்தி இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். அதை அடியிலிருந்து கட்டும் முறையை இங்கே எழுதுகிறேன். பைத்தன் மொழியில் ஒரு சுற்றும் (லூப்) ஒரு ஃபங்ஷனும் எழுதத் தெரிந்தவருக்கு இது போதும். நிரல்வரிகளை அப்படியே தரவில்லை. எந்த ஃபங்ஷனை எந்த இடத்தில், எதற்காக அழைக்க வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படங்களைச் சிறிதாக்குவது மட்டுமே உங்கள் தேவை என்றால் இர்ஃபான்வியூ, எக்ஸ்என் கன்வர்ட், இமேஜ்மேஜிக் ஆகியவற்றில் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். சொந்தமாக எதையும் எழுதத் தேவையில்லை. சொந்தக் கருவிக்கு நியாயம் வருவது, பெயரிடும் முறை, தமிழ், சிங்கள எழுத்துப் பொறிப்பு, கடைக்கே உரிய அளவுகள் என்று ஒரே ஐந்தாறு வேலைகளைக் கணினி அதிகம் தெரியாத ஒருவர் ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டியிருக்கும்போதுதான்.

படி 1: தாளில் எழுதுங்கள்

கருவி என்ன செய்யும் என்பதை எழுதுவதற்கு முன் என்ன செய்யாது என்பதை எழுதுங்கள். என் தாளின் முதல் வரி, மூலப் படத்தைக் கருவி ஒருபோதும் தொடாது என்பதாகும். இந்த வரியை நான் பட்டுத்தான் எழுதினேன். முதலில் எழுதிய வடிவம், திருத்திய படத்தை மூலத்தின் மேலேயே சேமித்தது. 2022 மார்ச் கடைசியில், மின்வெட்டு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்தையும் தாண்டிய நாட்களில், சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்கான படங்களை ஓடவிட்டிருந்தபோது நடுவில் மின்சாரம் போனது. மறுபடி கணினியைத் திறந்தபோது ஒரு படத்தின் மேற்பாதியில் அரக்கு நிறப் பட்டும் கீழ்ப்பாதியில் வெறும் சாம்பல் நிறமும் இருந்தன. மூலமும் அதுவே, விளைவும் அதுவே. மறுபடி படம் எடுக்கலாம் என்று கடைக்குப் போனால் அந்தப் புடைவை விற்றுப் போயிருந்தது.

ஆகவே உள்ளீட்டுக் கோப்புறை வேறு, வெளியீட்டுக் கோப்புறை வேறு. இரண்டும் ஒன்றாக இருந்தால் தொடங்கும் பொத்தான் அழுந்தவே கூடாது. இதன் பின்னர், கருவி செய்யும் வேலைகளை வரிசைப்படுத்துங்கள்: நிமிர்த்துதல், நிறத்தைச் சீராக்குதல், அளவு மாற்றுதல், பெயர் பொறித்தல், புதுப் பெயரில் சேமித்தல்.

படி 2: தேவையானவற்றை நிறுவுதல்

பைத்தனை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, விண்டோஸில் நிறுவும்போது பாதையில் சேர்க்கும்படி கேட்கும் சிறு பெட்டியை மறக்காமல் தெரிவு செய்யுங்கள். ஜன்னல், பொத்தான் முதலியவற்றுக்கான டிகிண்டர் விண்டோஸ் பைத்தனுடன் சேர்ந்தே வருகிறது. உபுண்டுவில் தனிப் பொதியாக நிறுவ வேண்டும். இந்த வேலைக்கென, மற்ற நிரல்களின் லைப்ரரிகளுடன் கலக்காத ஒரு தனி மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதற்குள் பைத்தனின் நிறுவும் கருவியான பிப் மூலம், படங்களைத் திறந்து திருத்திச் சேமிக்கும் பில்லோ லைப்ரரியை நிறுவினால் அடிப்படை தயார்.

பில்லோவைப் பற்றி ஒரு சிறு வரலாறு தெரிந்திருப்பது வீண் தலைவலியைத் தவிர்க்கும். 1990களில் வந்த பில் என்ற பழைய லைப்ரரியின் கடைசி வெளியீடு 2009இல் வந்தது. அதிலிருந்து கிளைத்து 2010இல் தொடங்கியதே பில்லோ. நிறுவும்போது பில்லோ என்று எழுதுகிறோம், நிரலில் அழைக்கும்போது பழைய பெயரான பில் என்றே எழுதுகிறோம். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் ஆன்டிஅலியாஸ் என்ற வடிகட்டியும், எழுத்தின் அகலத்தை அளக்கும் டெக்ஸ்ட்சைஸ் என்ற ஃபங்ஷனும் வரும். 2023இல் வந்த பத்தாம் பதிப்பில் இரண்டுமே நீக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக லாங்சோஸையும் டெக்ஸ்ட்பிபாக்ஸையும் பயன்படுத்துங்கள்.

படி 3: ஒரேயொரு படத்துக்கான ஃபங்ஷன்

ஜன்னலிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு படத்தின் பாதையையும் அமைப்புகளையும் வாங்கிக்கொண்டு, திருத்திய படத்தைச் சேமித்துவிட்டு, முடிந்ததா, இல்லையென்றால் என்ன காரணம் என்று திருப்பிச் சொல்லும் ஒரு ஃபங்ஷனை எழுதுங்கள். கருவியின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்ற எல்லாம் இதைச் சுற்றிக் கட்டும் சுவர்தான். இதற்குள் வேலைகள் நடக்கும் ஒழுங்கு மாறினால் விளைவும் மாறிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நிமிர்த்துதல் முதலில் வர வேண்டும். கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுத்தாலும், பல தொலைபேசிகள் பிக்சல்களைப் படுக்கையாகவே எழுதிவிட்டு, எக்ஸிஃப் எனப்படும் குறிப்புப் பகுதியில் இதைத் திருப்பிக் காட்டு என்று ஓர் எண்ணை மட்டும் வைக்கின்றன. அந்த எண் 1 முதல் 8 வரை இருக்கலாம். 6 என்றால் வலஞ்சுழியாக 90 பாகை திருப்ப வேண்டும். படம் பார்க்கும் செயலிகள் இந்த எண்ணைப் படித்து நிமிர்த்திக் காட்டுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் பில்லோ ஜேபெக்காகச் சேமிக்கும்போது, நாமாகக் கொடுத்தாலொழிய எக்ஸிஃபை எடுத்துச் செல்லாது. குறிப்பு போய்விட, படம் படுத்துவிடுகிறது. "அண்ணா, எல்லாச் சாறியும் படுத்துக் கிடக்குது, ஒருக்கா நிமிர்த்தித் தாங்கோ" என்று கடைப் பிள்ளை தொலைபேசியில் சொன்ன பிறகுதான் இதை நான் கண்டுகொண்டேன். பில்லோவின் இமேஜ்ஆப்ஸ் பகுதியில் உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்ற ஃபங்ஷன் பிக்சல்களை உண்மையாகவே திருப்பி, அந்த எண்ணையும் நீக்கிவிடுகிறது. இதைச் செய்த பிறகு மூலப் படத்தின் பழைய எக்ஸிஃபை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் படம் இரண்டாம் முறையும் திரும்பும். எக்ஸிஃபை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதற்குள் இருக்கக்கூடும். வீட்டில் இருந்து தைத்து விற்கும் ஒரு பெண்ணின் வீட்டு விலாசத்தைச் சட்டைப் படத்துடன் சேர்த்து வெளியிட யாருக்கும் விருப்பம் இராது.

அடுத்தது நிறம். புடைவைக்காரருக்கு அரக்குக்கும் மெரூனுக்கும் இடையிலான வித்தியாசம் வியாபாரம்; அதை நமது கருவி கெடுத்துவிடக் கூடாது. பல புதிய தொலைபேசிகள் வலைத்தளங்களில் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறவெளியில் படம் எடுத்து, அதற்கான நிறக்குறிப்பையும் கோப்பில் வைக்கின்றன. சேமிக்கும்போது அந்தக் குறிப்பும் நாம் கொடுக்காவிட்டால் விழுந்துவிடும், நிறங்கள் வெளிறிப்போகும். இமேஜ்சிஎம்எஸ் பகுதியைக் கொண்டு நிறத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுச் சேமிப்பதே பாதுகாப்பான வழி. அச்சகத்திலிருந்து வரும் நான்கு மைப் (சிஎம்ஒய்கே) படங்களையும் இந்த இடத்திலேயே மாற்றுங்கள். பின்புலம் வெட்டிய பிஎன்ஜி படங்கள் இன்னொரு பொறி: அவற்றை நேரடியாக ஜேபெக்காகச் சேமிக்க முயன்றால் பில்லோ பிழை சொல்லும், ஆர்ஜிபிக்கு வெறுமனே மாற்றினால் பின்புலம் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். அதே அளவில் ஒரு வெள்ளைத் தாளை உருவாக்கி, ஒளிபுகும் அடுக்கையே முகமூடியாகக் கொடுத்து, படத்தை அதன்மேல் ஒட்ட வேண்டும்.

அளவு மாற்றுவதற்குப் பில்லோவில் ரீசைஸ், தம்நெயில் என்று இரண்டு வழிகள் உள்ளன. ரீசைஸ் நீங்கள் கொடுத்த அகலத்தையும் உயரத்தையும் அப்படியே பின்பற்றும். விகிதம் தவறினால் புடைவை கட்டிய பொம்மை குட்டையாகிவிடும். தம்நெயில் விகிதத்தைக் காப்பாற்றும். சிறிய படத்தைப் பெரிதாக்காது. கையில் உள்ள படத்தையே மாற்றிவிடும். எங்கள் வேலைக்குத் தம்நெயில்தான் பொருத்தம். நீண்ட பக்கத்துக்கு 1600 பிக்சல், வடிகட்டி லாங்சோஸ் என்று நான் வைத்திருக்கிறேன். தளம் சதுரப் படம்தான் கேட்கிறது என்றால் வெட்டாமல், இமேஜ்ஆப்ஸில் உள்ள பேட் என்ற ஃபங்ஷனால் ஓரங்களில் வெள்ளை சேர்த்துக்கொள்ளலாம்.

6000 × 4000 பிக்சல் படம் ஒன்று பில்லோவில் நினைவகத்தில் விரியும்போது பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் ஏறத்தாழ 96 மெகாபைட் பிடிக்கிறது. ஜேபெக் கோப்பைத் திறந்தவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன், டிராஃப்ட் என்ற மெதடுக்கு 1600 × 1600 என்று கொடுத்தால், பில்லோ அந்தப் படத்தைப் பாதி அளவில், அதாவது 3000 × 2000ஆகவே விரித்துத் தரும். பிக்சல் எண்ணிக்கை கால்வாசியாகக் குறைவதால் வேகத்தில் தெரியும் வித்தியாசம் பெரிது. 1600க்குச் சுருக்கிய பின் தரத்தில் என் கண்ணுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

படி 4: தமிழும் சிங்களமும் பொறித்தல்

கொழும்பில் ஒரு கடையின் பெயர் மூன்று மொழியில் வரும் என்பதால் இந்தப் படி எனக்கு அதிக நேரம் எடுத்தது. ஆங்கிலப் பெயரைப் பொறிப்பது இரண்டு வரி வேலை. அதே இரண்டு வரியில் "வெள்ளவத்தை" என்று கொடுத்துப் பாருங்கள். யூனிகோடில் "வெ" என்பது முதலில் வ, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற ஒழுங்கில் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கு மட்டும் கொம்பு முன்னால் வர வேண்டும். பில்லோவின் அடிப்படை எழுத்தடுக்கு முறை இந்த இடமாற்றத்தை அறியாது. வந்த ஒழுங்கிலேயே வரைவதால், கொம்பு வகரத்தைத் தாண்டி ளகரத்தின் முன்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. கடைசித் "தை"யின் இணைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் அந்தரத்தில் தொங்குகிறது. "கொழும்பு" என்று கொடுத்தால் "பு" ஓர் எழுத்தாகச் சேராமல் பகரம் தனியே, உகரக் குறி தனியே நிற்கும். சிங்களத்திலும் இதே கதைதான்.

இதைச் சரிசெய்வது ராக்ம் என்ற எழுத்தடுக்கு இயந்திரம். அது ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி என்ற இரண்டு லைப்ரரிகளின் துணையுடன் இயங்குகிறது. பிப் மூலம் நிறுவும் பில்லோவில் ராக்ம் சேர்ந்தே வந்தாலும், ஃப்ரிபிடி மட்டும் இயங்கும் நேரத்தில் தேடி எடுக்கப்படுகிறது. விண்டோஸில் அது தானாக இருப்பதில்லை. பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் உள்ள செக் ஃபங்ஷனுக்கு ராக்ம் என்று கொடுத்துக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஃப்ரிபிடியின் டிஎல்எல் கோப்பை பைத்தனின் இயங்குகோப்பு உள்ள கோப்புறையில் வைத்து மறுபடி கேளுங்கள். எழுத்துருவுக்கு விண்டோஸின் நிர்மலா யூஐ தமிழையும் சிங்களத்தையும் காட்டும் என்றாலும், கருவியுடன் சேர்த்துப் பிறருக்குக் கொடுப்பதற்கு உரிமத்தில் தடையில்லாத நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களம் ஆகியவையே நல்லவை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் நடைமுறையைச் சொல்கிறேன். கடையின் பெயர் நாளுக்கு நாள் மாறுவதில்லை. அதனால் எழுத்து சரியாக வரும் வேறொரு வரைகலை மென்பொருளில் மூன்று மொழிப் பெயரையும் ஒரு தடவை அழகாக எழுதி, பின்புலமற்ற பிஎன்ஜியாகச் சேமித்து, கருவி அந்தப் படத்தையே ஒவ்வொரு படத்திலும் ஒட்டும்படி வைத்துவிட்டேன். படத்தின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஓரத்திலிருந்து சிறு இடைவெளி, அரைவாசிக்குச் சற்று மேலான அழுத்தம். விலை போலப் படத்துக்குப் படம் மாறும் எழுத்துக்கு மட்டும் ராக்மைப் பயன்படுத்துகிறேன். அளவு மாற்றிய பின்னரே பொறிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரே அளவில் முன்னரே பொறித்தால் பெரிய கமராவின் படங்களில் பெயர் தூசிபோல் சிறுத்தும், தொலைபேசிப் படங்களில் பெருத்தும் தெரியும்.

படி 5: சேமித்தல்

ஜேபெக் தரத்தைப் பில்லோ இயல்பாக 75 என்று எடுத்துக்கொள்கிறது. பட்டின் சரிகை வேலைக்கு 85 எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 95க்கு மேல் போனால் கோப்பு பருக்குமே தவிரப் படம் மேம்படாது. மின்வெட்டுக் கதை மறுபடி நடக்காமலிருக்க, வெளியீட்டுக் கோப்புறையிலேயே ஒரு தற்காலிகப் பெயரில் முழுவதையும் எழுதி முடித்து, அதன் பின்னரே ஓஎஸ் பகுதியின் ரீப்ளேஸ் ஃபங்ஷனால் உண்மையான பெயரை இடுங்கள். கருவி நடுவில் நின்றாலும், சரியான பெயருடன் இருக்கும் கோப்பு முழுமையான கோப்பாகவே இருக்கும். அடுத்த தடவை ஓடும்போது இருப்பவற்றைத் தாண்டிச் சென்று விட்ட இடத்திலிருந்து தொடரவும் இது உதவுகிறது.

பெயரிடுவதில் இரண்டு கண்ணிகள். எண்களை 1, 2, 10 என்று இட்டால் பெயர் வரிசையில் 10 என்பது 2க்கு முன் வரக்கூடும். 0001 என்று நான்கு இலக்கமாக இடுங்கள். ஒரே பெயரில் ஒரு ஜேபெக்கும் ஒரு பிஎன்ஜியும் உள்ளீட்டில் இருந்தால் இரண்டும் ஒரே வெளியீட்டுப் பெயருக்கு வந்து, ஒன்று மற்றொன்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். விண்டோஸ் ஆங்கிலச் சிறிய, பெரிய எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை என்பதையும் சேர்த்து, ஓடத் தொடங்குமுன்பே எல்லா வெளியீட்டுப் பெயர்களையும் ஒரு பட்டியலாக்கி மோதல் உண்டா என்று பாருங்கள்.

படி 6: பல படங்களுக்கு விரித்தல்

இப்போது சுற்று. 1,200 படங்களில் 317ஆவது படம் பழுதடைந்திருந்தால் மீதி 883 படங்களும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே பிழை பிடிக்கும் கட்டுக்குள் வைத்து, தோல்வியடைந்ததைக் கோப்பின் பெயர், காரணம் என்று ஒரு சிஎஸ்வி பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்தப் பட்டியலைச் சாதாரண யூடிஎஃப்-8இல் எழுதினால் எக்செல் தமிழ்ப் பெயர்களைக் குப்பையாகக் காட்டக்கூடும். தொடக்கக் குறியுடன் கூடிய யூடிஎஃப்-8 சிக் என்ற குறியாக்கத்தில் எழுதினால் சரியாகத் திறக்கும்.

வேகத்துக்கு, ஒரே நிரலுக்குள் பக்கத்துக்குப் பக்கம் ஓடும் வேலை இழைகளான த்ரெட்கள் பல போதும். பைத்தனில் த்ரெட்களால் பயனில்லை என்று சொல்வார்கள்; ஆனால் பில்லோ படத்தை விரிக்கும்போதும் அளவு மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும் பைத்தனின் பொதுப் பூட்டை விட்டுவிடுவதால் இங்கே நல்ல பயன் இருக்கிறது. த்ரெட்பூல் எக்ஸிகியூட்டரில் நான்கு வேலையாட்களை வைத்தால் சாதாரண எட்டு ஜிபி கணினி மூச்சுத் திணறாது.

படி 7: ஜன்னல்

உள்ளீடு, வெளியீடு, அளவு, தரம், பெயர் முன்னொட்டு, தொடங்கு, நிறுத்து, முன்னேற்றப் பட்டி, ஒரு மாதிரிப் படம். இதற்கு மேல் வைக்காதீர்கள். டிகிண்டரில் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். படவேலையைப் பொத்தானின் ஃபங்ஷனுக்குள்ளேயே ஓடவிட்டால் ஜன்னல் உறைந்து, விண்டோஸ் அதைப் பதிலளிக்கவில்லை என்று அறிவிக்கும்; பயப்படுகிறவர் உடனே மூடிவிடுவார். வேலையைத் தனி த்ரெட்டில் ஓடவிட்டு, அது ஒவ்வொரு படம் முடிந்ததும் த்ரெட்களுக்கு இடையே செய்தி கடத்தும் வரிசையான கியூவில் ஒரு செய்தியை இடட்டும். ஜன்னல் ஆஃப்டர் என்ற மெதடால் நூறு மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கியூவைப் பார்த்துப் பட்டியை நகர்த்தட்டும். வேலை செய்யும் த்ரெட் ஜன்னலின் எந்தப் பகுதியையும் நேரடியாகத் தொடக் கூடாது. இரண்டாவது, மாதிரிப் படம் எந்தப் பிழையும் சொல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால், அந்தப் படப் பொருளை நிரலில் எங்கும் பிடித்துவைக்காததால் பைத்தன் அதைக் குப்பையென்று அள்ளிவிட்டது என்று பொருள். ஒரு மாறியில் நிரந்தரமாக வைத்திருங்கள்.

படி 8: மோசமான கோப்புறை

நல்ல படங்களால் சோதிப்பது சோதனையாகாது. என்னிடம் ஒரு கோப்புறை இருக்கிறது. வெறுமையான கோப்பு, ஜேபெக் என்று பெயர் மாற்றிய எழுத்துக் கோப்பு, பாதியில் வெட்டுண்ட படம், நான்கு மைப் படம், பின்புலமற்ற பிஎன்ஜி, எக்ஸிஃப் எண் 6 உள்ள படம், தமிழ்ப் பெயரும் இடைவெளிகளும் கொண்ட கோப்பு, மிக அகன்ற பனோரமா, ஐஃபோனின் ஹெய்க் படம் எல்லாம் அதற்குள் உண்டு. ஐஃபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெய்க் வடிவில் சேமிக்கின்றன. பில்லோ ஹெய்ஃப் என்ற துணை லைப்ரரியை நிறுவி, தொடக்கத்தில் ஒரு தடவை பதிவு செய்தால் பில்லோ அவற்றையும் திறக்கும். மிகப் பெரிய பனோரமாவைத் திறக்கும்போது ஏறத்தாழ 8.9 கோடி பிக்சலுக்கு மேல் பில்லோ எச்சரிக்கும். அதன் இரட்டிப்பைத் தாண்டினால் திறக்க மறுக்கும். இது நினைவகத்தை நிரப்பும் தீய கோப்புகளுக்கு எதிரான காவல் என்பதால், எல்லையை முற்றாக நீக்காமல் உங்கள் தேவைக்கு ஏற்ப மட்டும் உயர்த்துங்கள்.

படி 9: கடைக்குக் கொடுத்தல்

கடைக் கணினியில் பைத்தனை நிறுவ வேண்டியதில்லை; பைஇன்ஸ்டாலர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடும். விண்டோஸுக்கான பொதியை விண்டோஸிலேயே கட்ட வேண்டும். ஒரே கோப்பாகக் கட்டும் முறை பார்க்க அழகாக இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் தன்னைத் தற்காலிக இடத்தில் விரித்துக்கொள்வதால் மெதுவாகத் திறக்கிறது. வைரஸ் தடுப்பான்கள் அதைச் சந்தேகிப்பதும் உண்டு. நான் கோப்புறையாகவே கட்டிக் கொடுக்கிறேன். பெயர்ப் படம், எழுத்துரு, ஃப்ரிபிடி டிஎல்எல் மூன்றும் பொதிக்குள் சேர்ந்தனவா என்று பைத்தனே இல்லாத ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் ஓடுவது எதையும் நிரூபிக்காது.

கடைசியாகத் தெரிவு செய்த அமைப்புகளை ஒரு ஜேசன் கோப்பில் எழுதி, அடுத்த தடவை திறக்கும்போது அவற்றையே நிரப்பிக் காட்டுங்கள். உள்ளீட்டுக் கோப்புறையை மட்டும் நினைவில் வைக்காதீர்கள். நான் வைத்திருந்தேன்; தீபாவளிப் புடைவைகளைப் பார்க்கத் தளத்தைத் திறந்தவர்களுக்கு ஒரு முழுப் பகலும் ஆடி மாதத்துக் கழிவு விற்பனைப் படங்களே தெரிந்தன.